தாமிரபரணித் துறைகளும் அரசின் கருவூலமும்

காயல் துறையின் வீழ்ச்சிக்குக் காரணம் யாது என வினவினால், தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த மணலே என்று நம்மவருள் பெரும்பாலோர் விடையிறுப்பர். கொற்கையைத் தூர்த்த ஆறு பழையகாயலையும் தூர்த்தது; கடல் பின்வாங்கியது; கலங்கள் வேறு கரை தேடிப் போயின; வணிகம் செய்த முஸ்லிம்கள் கொழும்புக்கும் கல்கத்தாவுக்கும் பெயர்ந்தனர் என்று அக்கதை முடியும். இது பொய்யன்று, ஆயினும் பாதி உண்மையே. ஆற்று மணல் ஒரு துறையை மூடலாம். அடுத்த துறை எவ்விடத்தில் எழவேண்டும் என்பதை அது தனித்துத் தீர்மானிப்பதில்லை. அத்தீர்மானத்தில் அரசின் கருவூலத்துக்குப் பெரும்பங்கு இருந்து வந்துள்ளது. யாருடைய பணம் எந்தக் கரையில் செலவிடப்பட்டது என்ற கேள்வியை முன்வைத்து இவ்வட்டாரத் துறைகளின் வரலாற்றை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்க விழைகிறோம்.

பொதிகையில் தோன்றும் தாமிரபரணி ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. பெரிப்ளூஸ் நூலாசிரியரும் தாலமியும் 'கொல்கி' எனக் குறித்த கொற்கை, இன்று கடலிலிருந்து சுமார் ஆறு கிலோமீட்டர் உள்ளே, வயல்களும் வாழைத் தோட்டங்களும் சூழ்ந்த ஒரு சிற்றூர். கொற்கையிலிருந்து பழையகாயலுக்கும், அங்கிருந்து புன்னைக்காயலுக்கும் துறை கிழக்கு நோக்கி நகர்ந்ததற்கு ஆற்று வண்டலே காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் காயல்பட்டினம் ஆற்றின் முகத்தில் அமைந்த ஊரன்று. முகத்துவாரத்துக்குத் தெற்கே, திறந்த கடலை நோக்கி அமைந்தது அது. மணல் மூடிய கதையை அவ்வூருக்கு அப்படியே பொருத்த இயலாது. மார்க்கோ போலோ கண்ட 'காயில்' எது என்பது குறித்து நீண்ட வழக்கொன்று உண்டு. பழையகாயலே அது எனக் கால்டுவெல் கருதினார். காயல்பட்டினத்து ஆய்வாளர்கள் தம் ஊரே அது என்பர். இரண்டும் ஒரே வணிக வட்டாரத்தின் இரு கரைகள் எனக் கொண்டு மேலே செல்வது நம் நோக்கத்துக்குப் போதும்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹோர்முஸ், கிஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிவந்த கலங்கள் அனைத்தும் காயலில் தங்கிச் சென்றன என்கிறார் மார்க்கோ போலோ. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், ஹிஜ்ரி 8ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதுகையில், இவ்வணிகம் எவ்வாறு நடைபெற்றது என்பதைக் கணக்கோடு தருகிறார். கிஸ் தீவின் அதிபர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன், தம் சொந்தக் குதிரைகளில் ஆண்டுதோறும் 1,400ஐப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராகவும், காயல் உள்ளிட்ட துறைகளின் பொறுப்பாளராகவும் விளங்கினார். சீனத்திலிருந்து வந்திறங்கும் பண்டங்களில் முதல் தெரிவு அவர்களுடைய முகவர்களுக்கே உரியதாயிருந்தது.

வாசகர்கள் சற்றே நின்று நோக்கவேண்டிய செய்தி இதற்கு அடுத்து வருகிறது. கடல் வழியில் இறந்துபோகும் குதிரைகளுக்கும் உயிரோடு வந்து சேர்ந்த குதிரைக்குரிய விலையே அரசனின் கருவூலத்திலிருந்து வழங்கப்பட்டது என்கிறார் வஸ்ஸாப். இன்றைய மொழியில் கூறுவதாயின், கடற்சரக்கின் இடர் முழுவதையும் அரசு ஏற்றுக்கொண்டது. வணிகனுக்கு ஆதாயம், நட்டம் கருவூலத்துக்கு. அதற்கு முற்பட்ட காலத்தில், பாரசீக அத்தாபக் அபூபக்ரின் ஆட்சியில், ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் குதிரைகள் வரை பாரசீக வளைகுடாவிலிருந்து இக்கரைகளுக்கு வந்தன என்றும், அவற்றின் விலையாகிய 22 லட்சம் தினார், கோயில் நிலங்களின் உபரி வருவாயிலிருந்தும் கோயில் சார்ந்த கணிகையர் மீதான வரியிலிருந்தும் செலுத்தப்பட்டது என்றும் அவரே எழுதுகிறார். பொதுக் கருவூலத்துக்கு இதனால் செலவில்லை என்று ஒரு சொல்லையும் சேர்க்கிறார். கோயில் நிலத்தின் உபரி பொதுப் பணம் ஆகாதா என்ற வினாவை அவர் எழுப்பவில்லை, நாம் எழுப்பலாம். அந்த உபரியின் பெரும்பகுதி ஆற்றுப் பாசனத்தில் விளைந்த நெல்லன்றி வேறு எதுவாக இருந்திருக்கும்?

மார்க்கோ போலோ தரும் இன்னொரு குறிப்பு நமக்கு அத்துணை இனிமையானதன்று. குதிரை விற்க வந்தவர்கள் தம்மோடு குதிரை மருத்துவரை அழைத்து வருவதில்லை. பிறர் அழைத்து வருவதையும் தடுத்தனர். குதிரைகள் இறந்தால்தான் அடுத்த ஆண்டும் விற்பனை நடக்கும் என்பது அவர்தம் கணக்கு என்கிறார் அவர். அயலூர்ப் பயணியின் மிகைக்கூற்று இதில் கலந்திருக்கக்கூடும். எனினும் வஸ்ஸாபின் செய்தியோடு சேர்த்துப் படிக்கையில், அரசு இடரை ஏற்கும் இடத்தில் வணிகன் எவ்வாறு நடந்துகொள்வான் என்பதற்கு எழுநூறு ஆண்டுக்கு முந்தைய சான்று இதில் கிடைக்கிறது. காயலின் பொற்காலத்தை முஸ்லிம் வணிகர்களின் கடலோடித் திறத்துக்கு மட்டும் உரியதாகப் பேசுவது நம்மிடையே வழக்கம். அத்திறம் உண்மை. அதற்குப் பின்னே ஒரு பேரரசின் பணம் நின்றதும் உண்மை.

கொடை ஒருவழியாக மட்டும் செல்லவில்லை என்பதையும் குறிப்பிடவேண்டும். காயல்பட்டினத்துப் பள்ளிவாசல் கல்வெட்டொன்று, வேணாட்டு அரசன் உதயமார்த்தாண்டன் பெயரால் அப்பள்ளி அழைக்கப்பட்டதையும், துறையில் ஏறி இறங்கும் சரக்கின் மதிப்பில் ஒரு சிறு பங்கு பள்ளிக்கும் காதியாருக்கும் உரித்தாக்கப்பட்டதையும் தெரிவிக்கிறது. துறையின் வருவாய் ஊரின் அறத்துக்கும் சென்றது. 'சோனாடு கொண்டான் பட்டினம்' என்ற பழம்பெயர் வழங்கிய காலத்தில், துறையும் பள்ளியும் சந்தையும் ஒரே கணக்கேட்டின் பக்கங்களாக இருந்தன.

போர்த்துகீசியர் வருகையால் இவ்வமைப்பு உடைந்தது. முத்துக்குளிப்பின் மேலாண்மை கைமாறியது. புன்னைக்காயலும் பின்னர் தூத்துக்குடியும் அவர்களுடைய தளங்களாயின. 1658இல் தூத்துக்குடியை டச்சுக்காரர் கைப்பற்றினர். 1825இல் அது இறுதியாக ஆங்கிலேயர் வசமாயிற்று. இந்த மூன்று நூற்றாண்டுகளிலும் காயல்பட்டினத்து மரைக்காயர்களின் கலங்கள் இலங்கைக்கும் மலையாளக் கரைக்கும் ஓடிக்கொண்டே இருந்தன. துறை அழியவில்லை, அரசின் ஆதரவை இழந்தது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு 19ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாகப் புலப்பட்டது.

தூத்துக்குடி இயற்கையாகவே சிறந்த துறைமுகம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. தீவுகளின் மறைப்பு அதற்கு ஒரு நன்மைதான். ஆனால் கரையோரக் கடல் மிகவும் ஆழங்குறைந்தது. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து ஐந்தாறு மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பருத்திப் பொதியும் உப்பு மூட்டையும் அவுரி இலையும் தோணிகளில் ஏறி, அலையில் ஆடி, கப்பலின் பக்கவாட்டில் மீண்டும் தூக்கப்படவேண்டும். ஒவ்வொரு சரக்கும் இருமுறை ஏறி இருமுறை இறங்கும். ஒவ்வொரு முறையும் கூலி. காற்று மாறினால் நாட்கணக்கில் காத்திருப்பு. இத்தகைய கரைக்குக் காயல்பட்டினக் கரை எவ்வகையிலும் தாழ்ந்ததன்று என்று கூறுவது மிகையாகாது.

பிறகு வேறுபாடு எங்கே விளைந்தது? 1842இல் தூத்துக்குடியில் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. 1864இல் மரத்தாலான முதல் இறங்குதுறை அமைந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் பருத்தி கிடைக்காமல்போன ஆண்டுகள் அவை. திருநெல்வேலிச் சீமைக் கரிசல் பருத்திக்கு என்றுமில்லாத விலை. 1868இல் தூத்துக்குடி சிறுதுறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1876இல் மதுரையிலிருந்து மணியாச்சி வழியாகத் தென்னிந்திய இருப்புப்பாதை தூத்துக்குடிக் கடற்கரையை எட்டியது. மணியாச்சியிலிருந்து ஒரு கிளை திருநெல்வேலிக்குச் சென்றது. அந்த இருப்புப்பாதைக் கம்பெனி தனியாருடையதுதான். ஆயினும் அதன் முதலீட்டுக்கு வட்டி கிடைக்கும் என உத்தரவாதம் அளித்தது இந்திய அரசு. உத்தரவாதத்தின் சுமையைத் தாங்கியது இந்நாட்டு மக்களின் வரிப்பணம். லண்டனில் பங்கு வாங்கியவர் ஒரு கருங்கல்லைக்கூடப் பார்க்காமல் வட்டி பெற்றார். பாண்டியன் இறந்த குதிரைக்கு விலை தந்ததற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை நம் கவனத்துக்கு உரியது.

பாதை வந்தபின் கணக்கு முழுவதும் மாறியது. கோவில்பட்டியிலோ எட்டையபுரத்திலோ பருத்தி வாங்கிய வணிகன், அதை மாட்டுவண்டியில் பல நாள் இழுத்துச் சென்று விரும்பிய கரையில் இறக்கலாம் என்ற நிலை முன்பு இருந்தது. அந்நிலையில் காயல், குலசேகரன்பட்டினம், வேம்பார், தூத்துக்குடி ஆகிய எல்லாத் துறைகளும் ஏறத்தாழ ஒரே தட்டில் நின்றன; வணிகனின் உறவும் நம்பிக்கையும் எங்கு இருந்தனவோ அங்குச் சரக்கு சென்றது. இரும்புப்பாதை ஒரே ஒரு கரையைத் தொட்டதும் மற்றக் கரைகளுக்கு உள்நாடு இல்லாமற் போயிற்று. துறைமுகம் என்பது கடல்பக்கம் எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்தது எனப் பலர் எண்ணுவர். தாமிரபரணிக் கரையில் 19ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்ததோ, நிலப்பக்கம் எவ்வளவு தூரம் என்பதே துறையின் விதியை முடிவு செய்தது என்பதைக் காட்டுகிறது. ஐந்தாறு மைல் தோணியில் செல்லும் செலவை இருப்புப்பாதையின் மலிவு ஈடுகட்டிவிட்டது.

அரசுப் பணம் கடல்மேலும் ஒருபக்கம் சாய்ந்தே நின்றது. தூத்துக்குடி–கொழும்பு வழித்தடத்தில் ஆதிக்கம் செலுத்திய பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, 1856இல் கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே அஞ்சல் ஏற்றிச் செல்லும் அரசு ஒப்பந்தத்தோடு பிறந்தது. அஞ்சல் மானியம் அதன் வளர்ச்சிக்கு உரமாயிற்று. அதை எதிர்த்து வ.உ. சிதம்பரனார் 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவியபோது, மானியத்தின் பலம் ஒருபக்கமும் மக்களின் பங்குத்தொகை மறுபக்கமும் நின்றன. பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தில், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்ச ரூபாய்க்கு, வாங்கியவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே முஸ்லிம் வணிகரின் கையிலிருந்து வந்தது என்பதை நம் மேடைகளில் பெருமையோடு கூறுவதுண்டு. கூறவேண்டியதே. அத்தொகை எதை எதிர்த்து நின்றது என்பதையும் உடன் கூறினால்தான் அதன் பெருமை முழுமையாக விளங்கும். கட்டணத்தை வெள்ளைக் கம்பெனி அடிமட்டத்துக்குக் குறைத்தது. இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. நட்டத்தைத் தாங்க அதற்குப் பின்னணி இருந்தது. சுதேசிக் கம்பெனிக்கு இல்லை. 1908இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911இல் கம்பெனி கலைந்தது.

தெற்குக் கரைக்குப் பணம் வரவேயில்லை என்றும் கூற முடியாது. குலசேகரன்பட்டினத்தில் பனைவெல்லத்தைக் கொண்டு சர்க்கரை காய்ச்சிய ஆலைக்காகத் திசையன்விளை வரையும் திருச்செந்தூர் வரையும் ஒரு குறுகிய இரயில்பாதை சில பத்தாண்டுகள் ஓடியது. அது தனியார் ஆலையின் பணம்; ஆலையின் தேவை முடிந்ததும் தண்டவாளங்களும் போயின. 1923இல் திருநெல்வேலி மாவட்டக் கழகத்தின் முயற்சியால் திருநெல்வேலி–திருச்செந்தூர் பாதை திறக்கப்பட்டது. காயல்பட்டினத்துக்கு ஒரு நிலையம் கிடைத்தது. இது உள்ளூர்ப் பொதுப்பணம், வாராது வந்த வாய்ப்பு. ஆனால் அப்பாதை எந்த இறங்குதுறையையும் நோக்கிப் போடப்பட்டதன்று. திருச்செந்தூர் முருகன் கோயிலுக்குச் செல்வோரை ஏற்றிச் செல்வது அதன் முதன்மை நோக்கம். அந்நோக்கத்தில் குறை காண நமக்கு உரிமையில்லை. எனினும் கடற்கரைக்கு இணையாக ஊரின் பின்புறமாகச் சென்ற அப்பாதை, காயலின் சரக்கையும் திருநெல்வேலிக்கு இழுத்து, மணியாச்சி வழியே தூத்துக்குடிக்கே கொண்டு சேர்த்தது என்பதைக் குறிக்காமல் இருக்க முடியாது.

விடுதலைக்குப் பின் வந்த மாற்றம் அளவில் பெரியது, திசையில் பழையது. 1955இல் ஏ. இராமசாமி முதலியார் தலைமையில் அமைந்த குழு, சேதுக் கால்வாயையும் தூத்துக்குடி ஆழ்கடல் துறைமுகத்தையும் ஒரே திட்டமாகக் கருதவேண்டுமெனப் பரிந்துரைத்தது. கால்வாய் காகிதத்தில் நின்றது. துறைமுகம் கடலில் எழுந்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இரு கல் அலைதடுப்புச் சுவர்கள், கடலுக்குள் இணையாக நீட்டப்பட்டு, நடுவே அமைதியான நீர்ப்பரப்பு உண்டாக்கப்பட்டது. இயற்கை தராத துறையைக் கருங்கல்லைக் கொட்டி உண்டாக்கினார்கள் என்பதே இதன் பொருள். 1974 ஜூலை 11 அன்று அது நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1979 ஏப்ரல் 1இல் பழைய சிறுதுறைமுகமும் அதனோடு இணைக்கப்பட்டது. அப்போது தூத்துக்குடி திருநெல்வேலி மாவட்டத்தின் ஒரு பகுதியே. 1986 அக்டோபரில்தான் அது தனி மாவட்டத் தலைநகராயிற்று.

இவ்விடத்தில் சட்டத்தின் பங்கைச் சற்று விரித்துரைப்பது அவசியம். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், பெருந்துறைமுகங்கள் ஒன்றியப் பட்டியலின் 27ஆம் இனத்திலும், ஏனைய துறைமுகங்கள் பொதுப் பட்டியலின் 31ஆம் இனத்திலும் வைக்கப்பட்டுள்ளன. நடைமுறையில் இதன் விளைவு, பெருந்துறைமுகத்துக்கு டெல்லியின் கருவூலம், சிறுதுறைமுகத்துக்கு மாநிலத்தின் கருவூலம் என்பதாகும். மாநிலத்திடம் அலைதடுப்புச் சுவர் கட்டும் அளவுக்குப் பணம் இருப்பதில்லை. ஆதலின் தனியாரை நாடும். 1997இல் தமிழ்நாடு கடல்சார் வாரியம் அமைந்தபின், சிறுதுறைமுகப் பட்டியலில் இப்பகுதியிலிருந்து புன்னைக்காயல், மணப்பாடு, கூடங்குளம் முதலியவை இடம்பெற்றன. மின்நிலையங்களுக்கான சரக்கை இறக்குவது இத்தகைய துறைகளைப் பட்டியலிட்டதன் பின்னணி. ஆயிரம் ஆண்டுத் துறையாகிய காயல்பட்டினம் அப்பட்டியலில் இல்லை.

2015இல் ஒன்றிய அரசு தொடங்கிய சாகர்மாலா திட்டம், சிறுதுறைகளுக்கும் மானியத்தின் கதவை ஓரளவு திறந்தது உண்மை. ஆயினும் பெரும்பணம் சென்ற இடம் எதிர்பார்த்ததே. 2024 பிப்ரவரி 28 அன்று வ.உ.சி. துறைமுகத்தின் வெளித்துறைமுகச் சரக்குப் பெட்டக முனையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் மதிப்பீடு ஏறத்தாழ 7,000 கோடி ரூபாய். அதே ஆண்டு செப்டம்பரில், 14 மீட்டருக்கு மேற்பட்ட மிதவை ஆழமுள்ள ஒரு புதிய பெட்டக முனையம் திறக்கப்பட்டது. வாஞ்சி மணியாச்சியிலிருந்து திருநெல்வேலி வழியாக நாகர்கோவில் வரையிலான இரட்டை இருப்புப்பாதைப் பணி சுமார் 1,477 கோடி ரூபாய்ச் செலவில் நிறைவுற்றது. துறைமுகம் ஆண்டுக்கு நான்கு கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாள்கிறது. கொழும்பில் கப்பல் மாற்றிச் செல்லும் பெட்டகங்களை நேரடியாக இங்கிருந்தே அனுப்பவேண்டும் என்பது இச்செலவுகளுக்குக் கூறப்படும் நியாயம், வலுவான நியாயந்தான்.

ஆனால் பணம் போட்டதனால் மட்டும் சரக்கு நகர்ந்துவிடாது. துறைமுக இணைப்புத் திட்டத்தின்கீழ் நான்கு வழியாக்கப்பட்ட 47 கிலோமீட்டர் திருநெல்வேலி–தூத்துக்குடிச் சாலையில், வல்லநாட்டில் தாமிரபரணியைக் கடக்கும் பாலம், திறக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே ஓட்டை விழுந்து, ஒருபக்கம் மூடப்பட்டு, சரக்கு லாரிகள் வரிசையில் நின்றதை இவ்வட்டாரத்தார் அறிவர். கட்டுவதற்குக் கிடைக்கும் மானியம் பராமரிக்கக் கிடைப்பதில்லை. 2005 ஜூலையில் 2,427 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கிய சேதுக் கால்வாய்ப் பணி, பலநூறு கோடி செலவானபின் நின்றது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது; திருச்செந்தூர்ப் பாதையின் அடிமண் அரித்துச் செல்லப்பட்டு, ஸ்ரீவைகுண்டத்தில் ஓர் இரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கி நின்றது; தூத்துக்குடியும் நாட்கணக்கில் துண்டிக்கப்பட்டது. ஆற்றைக் கடந்தே துறைக்குச் செல்லவேண்டும் என்பதை ஆறு நினைவூட்டியது போலும்.

ஆற்றிடமிருந்து துறை பெறுவது வழி மட்டுமன்று. ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டத்திலிருந்து துறைமுக நகரின் ஆலைகளுக்குக் குழாய்வழியே நீர் செல்கிறது. நாளொன்றுக்கு 20 மில்லியன் காலன் என்ற அளவே அத்திட்டத்தின் பெயராக நிலைத்துவிட்டது. கடைமடை விவசாயிகள் இதனை எதிர்த்து வழக்காடியதுண்டு. கோயில் நிலத்தின் உபரி குதிரைக்கு விலையாகப் போன காலத்தில் அந்த நிலத்தை உழுதவர் என்ன எண்ணினார் என்பதை வஸ்ஸாப் எழுதவில்லை.

தூத்துக்குடியின் பழைய துறையில் மரத்தோணிகள் இன்றும் காணப்படுகின்றன. காய்கறி, சிமெண்டு, கல், ஓடு முதலியவற்றை ஏற்றி மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் அவை செல்கின்றன. மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை கடல் கொந்தளிக்கும் பருவத்தில் அவற்றின் ஓட்டம் நிற்கும். பெருந்துறைமுகத்தின் கோடிகளுக்கு நடுவே இவற்றுக்குத் தேவையானது மிகச் சிறிது: தூர்வாரிய ஒரு வாய்க்கால், ஒரு பாரந்தூக்கி, குறைந்த வட்டியில் கடன். மரைக்காயர் மரபின் கடைசி உறவினர் இத்தோணிகள் என்று கொள்வதில் தவறில்லை. பெட்டகக் கப்பலோடு போட்டியிட இவற்றால் இயலாது. பெட்டகக் கப்பல் நுழைய முடியாத சிறு தீவுகளின் துறைக்குச் செல்ல இவற்றால் இயலும்.

காயல்பட்டினக் கரையில் இப்போது கலம் எதுவும் சரக்கு இறக்குவதில்லை. மாலையில் ஊரார் காற்று வாங்க வரும் கடற்கரை அது. மீன்பிடி படகுகள் சில மணலில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். கொழும்பிலும் ஹாங்காங்கிலும் மணிக்கல் வணிகம் செய்வோரின் குடும்பங்கள் அவ்வூரில் வாழ்கின்றன. 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்பு பயணியர் கப்பல் மீண்டும் விடப்பட்டு, அதே ஆண்டின் இறுதிக்குள் நின்றுபோனது. கொழும்பில் கடை வைத்திருக்கும் காயலர் அதன்பின் மீண்டும் வானூர்தியையே நாடினர். அவர்தம் பொதிகள் பெட்டகத்தில், தூத்துக்குடி வழியே செல்கின்றன.